பொட்டு வைத்த போர்டு

கமுந்திங்கில் இருக்கும் பெரியம்மா மகன் சுகுமார் அண்ணனுக்கு, ஜெலாப்பாங்கிலிருந்து தங்கை துளசி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே அம்மாவும் நானும் சுகம். அங்கே அண்ணியும் பிள்ளையும் சுகமாக இருக்க முனியாண்டி துணையிருக்கட்டும். போன் செய்தால் அண்ணி எடுப்பார், அவரிடம் என்ன பேசுவது என்று தெரியாமல் வைத்துவிடுவேன். அதனால்தான் கடிதம்.

ஈப்போவில் எலக்ட்ரானிக் சாமான் கடை வைத்திருக்கும் சதாசிவம் ஐயா, ரிப்பேர் மேசைக்கு ஆள் தேடுகிறார். கேட்கப் போனபோது எனக்குப் பேச்சே வரவில்லை, அம்மாதான் பேசினார். ஐயா சிரித்துவிட்டு, "பேச வேணாம்மா. நீயே செஞ்ச சாமான் ஒண்ணு சனிக்கிழமை கொண்டா. ஓடுச்சுன்னா வேலை ஒனக்கு" என்றார். மூன்றாம் படிவத்தோடு பள்ளியை விட்ட எனக்கு, வாய் திறக்காமல் கிடைக்கக்கூடிய வேலை இது ஒன்றுதான் அண்ணே. அவர் கடையிலேயே ஈஎஸ்பி32 என்ற குட்டி கம்ப்யூட்டர் போர்டு ஒன்று வாங்கி மழை மணி செய்தேன். துணி காயப்போடும் கொடிக்கம்பியில் ஒரு சின்னத் தகடு. அதில் சொட்டு விழுந்தால் போர்டு பஸ்ஸரை அலற வைக்கும். எல்லாம் மாட்டி முடித்து கரண்டு கொடுக்கப் போகும்போது அம்மா பார்த்துவிட்டார்.

"ஏய், புதுச் சாமான்லா! பொட்டு வைக்காமலா தொறக்குறது?"

"இது கரண்டு சாமான்மா..."

"ஒங்க பெரியப்பா லோரிக்கே வெச்சோம். அதுல கரண்டு இல்லியா?"

எலுமிச்சம்பழம் வைக்கச் சக்கரம் எங்கே என்று தேடினார். இல்லை என்றதும், சந்தனத்தைக் குழைத்து போர்டின் நடுவிலேயே தாராளமாக அப்பி, மேலே குங்குமமும் வைத்தார். வேண்டாம் என்று சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள் கற்பூரமும் காட்டியாகிவிட்டது. சுவிட்சைப் போட்டேன். விளக்கு ஒருமுறை சிமிட்டி அணைந்தது. புகை வந்தது, கற்பூரப் புகையா, போர்டின் புகையா என்று தெரியவில்லை. பயத்தில் வயரைக்கூடப் பிடுங்காமல் துண்டைப் போட்டு மூடிவிட்டேன்.

இதெல்லாம் தெரிந்தவர் நீங்கள்தான், இப்போது எந்த போர்டு வாங்குவது அண்ணே? யூனோ பெரியது, ஐந்து வோல்ட்டைத் தாங்கும், என்னைப் போன்ற பயந்தாங்கொள்ளிக்கு ஏற்றது. ஆனால் வைஃபை இல்லாததைப் பார்த்து ஐயா சிரிப்பாரோ? ஈஎஸ்பியில் வைஃபை உண்டு, ஆனால் மூன்று புள்ளி மூன்று வோல்ட்டுக்கான கம்பிக்காலில் தவறி ஐந்தைக் கொடுத்தால் செத்துவிடும். பிக்கோ மலிவு, ஆனால் கால்களை நானே ஈயம் வைத்து ஒட்ட வேண்டுமாம். ஐயா கடையிலேயே மறுபடி வாங்கினால் முதல் போர்டு என்னாச்சு என்று கேட்பார். நீங்களே ஒன்றைத் தேர்ந்தெடுத்து, இந்தக் கடிதத்தைக் கொண்டுவரும் எங்கள் பக்கத்து வீட்டு உடையப்பன் மாமாவிடம் கொடுத்தனுப்புங்கள். சனிக்கிழமை வெறுங்கையோடு போய் நிற்க என்னால் முடியாது.

அண்ணிக்கு என் வணக்கம், பிள்ளைக்கு முத்தம்.

அன்புத் தங்கை,
துளசி

பின்குறிப்பு: கடிதத்தை மடிக்கும்போது துண்டுக்கு அடியில் கீச்சென்று அலறல். போர்டை நிறுத்தி வைத்திருந்த ஈரச் சந்தனம் காய்ந்து உதிர்ந்திருக்கிறது, வெளியே மழை! "அம்மா, மழை! துணி!" என்று நான் போட்ட கத்தலில் உடையப்பன் மாமா குடையோடு ஓடி வந்துவிட்டார். அதனால் போர்டு வேண்டாம் அண்ணே. ஆனால் சிப்பின் மேல் குங்குமம் அப்படியே ஒட்டியிருக்கிறது. துடைத்தால் நின்றுவிடுமோ என்று பயம். துடைக்காமல் கொண்டுபோனால் ஐயா கேட்பார். என்ன சொல்வது என்று மட்டும் எழுதுங்கள். சீக்கிரம், ஏனென்றால் அம்மாவும் கூட வருகிறார், கடைக்கென்று ஓர் எலுமிச்சம்பழமும் எடுத்து வைத்திருக்கிறார்.