பேர் சொல்லாமல் கிழித்த நாவல்

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரருக்கு அன்றைக்கு வந்தது சாதாரணக் கோபமில்லை. வராதா பின்னே? நீங்களே சொல்லுங்கள். கடைக்கு வருகிறவர்கள் புதுக் கண்ணாடியைப் போட்டுப் படித்துப் பார்க்க, மேசைமேல் ஒரு புத்தகம் வைத்திருக்கிறார். ஏனோதானோ புத்தகமில்லை. மேதை என்று ஊரே கும்பிடும் எழுத்தாளர் எழுதிய மூன்று பாகப் பெருநாவலின் முதல் பாகம். எழுத்தெல்லாம் பொடிப்பொடியாக இருக்கும். முதல் பக்கத்தைத் தடுமாறாமல் படித்துவிட்டால் கண்ணாடி சரி என்று அர்த்தம். கடை திறந்த நாளிலிருந்து இதுதான் வழக்கம்.

அன்றைக்கு ஒரு அம்மாள் வந்தாள். கண்ணாடியை மாட்டினாள். மேதையை ஓரமாக நகர்த்தினாள். கைப்பையிலிருந்து ஒரு தடி நாவலை எடுத்தாள்.

"இதுல பாத்துக்கறேன் சார். அதைப் படிச்சா கண்ணாடி தெளிவா இருந்தாலும் கண்ணு சொக்குது."

அவள் எடுத்தது, மாசத்துக்கு ஒன்று எழுதி ஊரையே அழவைக்கும் அந்த நாவலாசிரியையின் நாவல்! அட்டையில் ஒரு பெண் அழுகிறாள். பின்னட்டையிலும் அழுகிறாள். சரி, ஒரு ஆள் என்று விட்டால், அடுத்து வந்த பஸ் டிரைவரும் அதே புத்தகத்தை எடுத்தார். அதற்கடுத்து வந்த சலூன்காரரோ, "கடைசி அத்தியாயம் பாக்கி இருக்கு, கொஞ்சம் உக்காந்து முடிச்சுட்டுப் போறேன்" என்று நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். அவர் மூக்கை உறிஞ்சும் சத்தம் கடை முழுக்கக் கேட்டது. எப்படி இருக்கிறது கதை!

மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தவர், வாசலிலேயே நின்றுவிட்டார். மனைவி தையல் மெஷினில் ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தாள். கால் மிதிக்கிறது. கை துணியைத் தள்ளுகிறது. கண் மட்டும் மெஷினில் சாய்த்து வைத்த நாவலில் இருக்கிறது.

"நீயுமா?"

"நானுமா என்ன? நான்தான் முதல்ல. நான் முடிச்சப்புறம்தான் தெருவுக்கே போகுது."

"இதெல்லாம் ஒரு கதையா? இதுல கரு இருக்கா?"

"இல்லாமலா? கதாநாயகிக்கு நாலு மாசம்."

"வாயை மூடு! நான் இலக்கியத்தோட பக்கம் நிக்கறவன்!"

"எத்தனையாவது பக்கம்?"

இந்தக் கேள்வியை அவள் கேட்டிருக்கக் கூடாது. ஏனென்றால், நமக்குள் இருக்கட்டும், மனுஷன் மேதையின் முதல் பக்கத்தைத் தாண்டியதே இல்லை. வருகிறவர்கள் எல்லாம் சத்தம் போட்டுப் படித்துப் படித்து அந்த ஒரு பக்கம் அவருக்குத் தலைகீழாகப் பாடம். எங்கே நாலு பேர் கூடினாலும், "அன்று பெய்தது மழையன்று, வானம் தன் மௌனத்தைக் கரைத்துக்கொண்டிருந்தது" என்று கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்துவிடுவார். கேட்பவர்கள் தானாகவே எழுந்து நாற்காலி கொடுப்பார்கள். அப்படிப்பட்டவரிடம் போய் ரெண்டாவது பக்கம் என்ன என்று யார் கேட்பார்கள்?

கடையில் இருக்கும் பிரதி போக, முன்னறைக் கண்ணாடி அலமாரியில் மேதையின் மூன்று பாகமும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்கும். அவள் சேர்த்த நாவல்களுக்கு மட்டும் அங்கே இடம் கிடையாது. வெட்டுத்துணி மூட்டைக்குப் பின்னால் கிடக்கும். பல தடவை கேட்டுப் பார்த்துவிட்டாள். மேதைக்குப் பக்கத்தில் குப்பையை வைக்க முடியாது என்று ஒரே போடாகப் போட்டுவிட்டார்.

"ஞாயிற்றுக்கிழமை நூலகத்துல என்னைப் பேசக் கூப்பிட்டிருக்காங்க. மக்கள் இன்னைக்கு என்ன படிக்கிறாங்கங்கறதுதான் தலைப்பு. அந்தம்மாவை நார்நாரா கிழிக்கறேனா இல்லையா பாரு. கிழிச்சுட்டு வந்து, துணி மூட்டைக்குப் பின்னால இருக்கறதை எல்லாம் தூக்கித் தெருவுல வைக்கறேன்!"

மெஷின் நின்றது. அந்தப் புத்தகங்கள் ஒவ்வொன்றும் ராத்தூக்கம் கெட்டுத் தைத்துச் சேர்த்தது. அவள் முகம் சட்டென்று வாடிப்போனதை அவர் கவனிக்கவில்லை. ஆனால் வாடிய வேகத்திலேயே தெளிந்தும்விட்டது. அதையும் அவர் கவனிக்கவில்லை.

அந்த நேரம் பார்த்து, கண்ணாடிக்குத் திருகு முடுக்கிக்கொள்ள எதிர்வீட்டுப் பல் டாக்டர் உள்ளே வந்தார்.

"நல்ல நேரத்துல வந்தீங்க டாக்டர். நீங்கதான் சாட்சி" என்றாள். "ஞாயிற்றுக்கிழமை இவரு மேடையில எந்த எழுத்தாளரைக் கிழிச்சுக் கைதட்டு வாங்கறாரோ, அந்த எழுத்தாளரோட புத்தகம் ஒண்ணுகூட அப்புறம் இந்த வீட்ல இருக்காது. நானே எடுத்துக் கொடுத்துடறேன். கைதட்டு விழலேன்னா, நான் படிக்கறதைப் பத்தி இவரு வாயே திறக்கக் கூடாது. சம்மதமா?"

"சம்மதம்! ரெட்டைச் சம்மதம்!" என்றார் கண்ணாடிக்காரர்.

"எனக்கு அந்தம்மாவைப் பிடிக்கும். அவங்க புத்தகத்தைக் காத்திருக்கற இடத்துல போட்டு வச்சதுலேர்ந்து நோயாளிங்க பல்வலியையே மறந்துடறாங்க" என்றார் பல் டாக்டர்.

"பல்லைப் பிடுங்கறவருக்கு இலக்கியம் எதுக்கு?"

சனிக்கிழமை சாயங்காலம் ஒரு சிக்கல் வந்தது. ஒருவரைக் கிழிக்க வேண்டுமானால் அவர் எழுதியது என்ன என்று தெரிய வேண்டாமா?

"இந்தா, அவங்க எழுதினதுல பெருசா ஒரு கதை சொல்லு."

"நீங்களே படிச்சுடுங்களேன்."

"சொத்தைப் பல்லுன்னு தெரிஞ்சுக்கக் கடிச்சா பாக்கணும்? நீ சுருக்கமா சொல்லு."

"யாரு எழுதினதைக் கேக்கறீங்க? பேரைச் சொல்லுங்க."

"அந்தப் பேரைச் சொல்லி என் நாக்கை அழுக்காக்க மாட்டேன். தலையில தூக்கி வச்சுக்கிட்டு ஆடறீங்களே, அவங்க!"

"ஓ, தலையில தூக்கி வச்சு ஆடற அவங்களா? சரி, கேளுங்க. ஒரு கடிகாரம் ரிப்பேர் பண்றவன். பொண்டாட்டியோட சண்டை. கடிகாரச் சாவி வாங்கிட்டு வரேன்னு வெளிய போனவன் இருபது வருஷம் கழிச்சுத் தாடியோட திரும்பி வரான். அவளுக்கு ஆள் அடையாளம் தெரியலை. மாடியறை காலியான்னு கேட்டு, தன் வீட்டுலயே குடியேறிடறான்."

"வாடகைக்கா!"

"மாசாமாசம் பொண்டாட்டி கையில கொடுக்கறான். கடைசியில அவன் சாகும்போது பெருமூச்சு விடறான் பாருங்க, அதைக் கேட்டுத்தான் அவளுக்குப் புருஷன்னு புரியுது."

கண்ணாடிக்காரர் தொடையைத் தட்டிக்கொண்டு எழுந்தார். இதைவிட அபத்தமான கதை உலகத்தில் உண்டா? இது போதும். இதை வைத்து மூன்று மணி நேரம் கிழிக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை நூலகத்தில் உட்கார இடமில்லை. ஓய்வுபெற்ற தலைமையாசிரியை தலைமை தாங்கினார். மூன்றாவது வரிசையில் மனைவி. பக்கத்தில் பல் டாக்டர்.

"பேரைச் சொல்லமாட்டேன். கதையைச் சொல்றேன். யார்னு உங்களுக்கே தெரியும்" என்று ஆரம்பித்தார். சொல்லி முடித்துவிட்டுக் கூட்டத்தைப் பார்த்தார். ஈ ஆடவில்லை. மூச்சுப் பேச்சில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். அடி சரியான இடத்தில் விழுகிறது என்று இவருக்கு உற்சாகம் தலைக்கேறியது.

"தாடி வச்சா பொண்டாட்டிக்குப் புருஷனைத் தெரியாதாம்! என் வீட்டுல நான் படியேறும்போதே செருப்பைக் கழட்டலேன்னு உள்ளேர்ந்து குரல் வருது. இருமலை மறைக்க முடியுமா? குறட்டையை மறைக்க முடியுமா? இருபது வருஷம் கழிச்சு வந்தவன் சாப்பாட்டுல உப்பு இல்லேன்னு ஒரு தடவைகூடவா சொல்லலை? சொல்லியிருந்தா அன்னைக்கே மாட்டியிருப்பானே! இதை எழுதினவர் கல்யாணம் ஆனவர்தானா? இதுக்குப் பேர் நாவலா? இதைப் படிச்சு அழுதவங்க எல்லாம் காசைத் திருப்பிக் கேளுங்க!"

பின்வரிசையில் ஒருவர் களுக்கென்று சிரித்தார். அப்புறம் அந்த வரிசை முழுக்கச் சிரித்தது. அப்புறம் கைதட்டல். ஆகா, என்ன கைதட்டல்! ஜன்னல் கதவெல்லாம் அதிர்ந்தது. தலைமையாசிரியை எழுந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இந்த நாவலோட முதல் பாகத்தை நான் எத்தனையோ பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியிருக்கேன். இதே கேள்விங்க எனக்குள்ளயும் இருந்துச்சு. மேதையாச்சேன்னு வாயை மூடிக்கிட்டேன். ஊரே கும்பிடற மேதையை மேடை போட்டுக் கேள்வி கேக்க ஒரு துணிச்சல்காரர் வேணுமில்ல? இன்னைக்குத்தான் கிடைச்சிருக்கார்!"

மேதையா? கண்ணாடிக்காரருக்குக் கண்ணாடி வேர்த்துப்போனது. மூன்றாவது வரிசையைப் பார்த்தார். எல்லோரையும்விடப் பலமாகக் கைதட்டிக்கொண்டிருந்தது அவர் மனைவிதான்.

அநியாயம்! பகல் கொள்ளை! கத்தவேண்டும் போலிருந்தது அவருக்கு. ஆனால் என்னவென்று கத்துவது? 'ஐயா, இது மேதையின் கதை என்று எனக்குத் தெரியாது, நான் அவரைப் படித்ததே இல்லை' என்றா? அவ்வளவு கூட்டத்துக்கு முன்னாலா? போட்ட மாலையை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார்.

வீட்டுக்கு வந்தால், பல் டாக்டர் அலமாரி ஓரத்தில் காலி அட்டைப்பெட்டியோடு நிற்கிறார்.

"சொன்ன சொல் மாறக் கூடாது. கைதட்டு விழுந்துச்சு. மூணு பாகத்தையும் எடுத்து வச்சுடலாமா?"

"நீ என்னை ஏமாத்திட்டே!" என்று மனைவி மேல் பாய்ந்தார். "நான் அவங்க கதையைக் கேட்டா, நீ மேதை கதையைச் சொல்லியிருக்கே!"

"நான் பேரைக் கேட்டேன். நீங்கதான் சொல்லலை. தலையில தூக்கி வச்சு ஆடற அவங்கன்னீங்க. நம்ம வீட்டுல தலையில தூக்கி வச்சு ஆடறது யாரு, யாரை? மரியாதையா 'அவங்க'ன்னா ஆம்பளையும்தான், பொம்பளையும்தான்."

"உனக்கு எப்படி மேதையோட கதை தெரியும்?"

"வாரா வாரம் தூசி தட்டச் சொல்றீங்களே. தட்டும்போது தொறந்து பாத்தேன். நல்லாத்தான் எழுதியிருக்காரு, பாவம். அழுதுட்டேன்."

"அப்ப எனக்கு ஏன் சொல்லலை, இது அவரு கதைன்னு?"

"கரைச்சுக் குடிச்சவருக்கு நான் சொல்லணுமா?"

பல் டாக்டர் கண்ணாடிக்காரரின் முகத்தைப் பார்த்தார். கண்ணாடிக்காரர் மூன்று பாகத்தையும் எடுத்துப் பெட்டியில் வைத்தார். வேறு என்ன செய்வார், மனுஷன்? பெட்டியைத் தானே சுமந்துகொண்டு நூலகத்துக்கு நடந்தார். நூலகர் ஓடிவந்து வாங்கிக்கொண்டார்.

"சார், நீங்க கிழிச்ச கிழியில ஊரே இதைப் படிக்கணும்னு வந்து நிக்குது! அடுத்த மாசக் கூட்டத்துக்கு ரெண்டாம் பாகத்தைக் கிழிக்கறீங்க. அறிவிப்புப் பலகையில போட்டாச்சு!"

திரும்பி வந்தபோது அலமாரியில் அழும் பெண்கள் வரிசையாக நின்றார்கள். மனைவி கடைசிப் புத்தகத்தை வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டிருந்தாள். அவர் கொஞ்ச நேரம் கனைத்தார். அறைக்குள் அங்கும் இங்கும் நடந்தார். பிறகு ரொம்ப மெதுவாகக் கேட்டார்.

"ஏம்மா... அந்த ரெண்டாம் பாகத்துல என்ன கதை?"

"சொல்றேன், உக்காருங்க. யாரோட ரெண்டாம் பாகம்னு மட்டும் கேக்கக் கூடாது."