கஞ்சி கேட்ட சம்பந்தி

பெண் வீட்டுக்குப் போய் எதை வேண்டுமானாலும் வேண்டாம் என்று சொல்லலாம், இலையில் விழுந்த சோற்றை மட்டும் சொல்லக் கூடாது. இதை நான் இடது அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டுதான் கற்றுக்கொண்டேன்.

எனக்கு டைவர்டிகுலைடிஸ். (பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் பாதி வலி வந்துவிடும்.) பெருங்குடல் சுவரில் பூரி உப்புவது போலக் குட்டிக் குட்டிப் பைகள் பிதுங்கி, அதில் ஒன்று வீங்கிப் புண்ணாகியிருக்கிறது என்றார் திருத்தணி டாக்டர்.

"வலி அடங்குற வரைக்கும் கஞ்சித் தண்ணி, இளநீர், அவ்ளோதான். அப்புறம் குழைஞ்ச சோறு. நல்லா ஆறினதும் கீரை, காய்னு நார்ச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமா சேருங்க. தண்ணி நெறைய குடிங்க, நடங்க."

எளிய வாழ்க்கைதான், வாழ விட்டால். பக்கத்து வீட்டுக்காரி வெந்தயம் விழுங்கச் சொன்னாள். என் கணவர் வாழைத்தண்டுச் சாறோடு வந்து நின்றார். எல்லோருக்கும் தலையாட்டியே களைத்துப்போனேன்.

அந்த வாரம்தான் பள்ளிப்பட்டில் பெண் வீட்டில் கை நனைக்க வேண்டியிருந்தது. பெண் பிடித்தால்தான் அந்த வீட்டில் சாப்பிடுவோம். சாப்பிட்டால் சம்மதம் என்று அர்த்தம். முப்பது தாண்டியும் எந்தப் பெண்ணுக்கும் பிடிகொடுக்காத என் மகன், இவளைப் பார்த்து வந்ததிலிருந்து தானாகச் சிரித்துக்கொண்டிருந்தான். தள்ளிப்போட எனக்கு மனம் வரவில்லை.

இலை போட்டார்கள். பருப்பு வடை, புளிச்சக்கீரைக் கடைசல், ஆவக்காய் ஊறுகாய். நான் வாயைத் திறந்தேன்.

"எனக்கு மட்டும் வடிச்ச கஞ்சி இருந்தா ஒரு டம்ளர் குடுங்க."

நல்ல காரியத்தில் கஞ்சியா! பெண்ணின் அத்தை கரண்டியைக் கீழே வைத்தாள்.

"பொண்ணு புடிக்கலன்னா நேரா சொல்லிட்டுப் போங்க. எதுக்குக் கஞ்சி கேட்டுகினு?"

"ஐயோ, அதில்லைங்க. குடல்ல பை பையா இருக்குது..."

"பையா?" என்றார் பெண்ணின் நைனா. "பரம்பரையா வருமா அது?"

மகனைப் பார்த்தேன். முகம் செத்துப்போயிருந்தது. வயிறா, பிள்ளையா? ஒரு வடையை எடுத்து வாயில் திணித்தேன். இன்னொன்று. பிறகு ஆவக்காய். அத்தை மறுபடி கரண்டியை எடுத்தாள். எனக்கு அழுகையே வந்தது. (காரம் என்று நினைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள்.)

சாப்பிட்டதும் அன்றைக்கே தட்டு மாற்றி நிச்சயம் செய்வதாக ஏற்பாடு. அதற்கு நல்ல நேரம் வருவதற்குள் வலி வந்துவிட்டது. என்னை ஆட்டோவில் அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடினார்கள். பின்னாலேயே பெண் வீடு மொத்தமும் தாம்பாளங்களோடு வேனில் வந்தது. ராகு காலம் பிறந்துவிடும் என்று ஆஸ்பத்திரியிலேயே தட்டு மாற்றினார்கள். என் கையில் டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்ததால், மாப்பிள்ளையின் தாய்க்காகத் தட்டை வாங்கியவர் நர்ஸ் அம்மா. கல்யாண ஆல்பத்தின் முதல் படத்தில் அவர்தான் சிரித்துக்கொண்டிருக்கிறார்.

இப்போது என் குடல் மருமகளின் பொறுப்பு. "அத்தே, தண்ணி குடிச்சீங்களா? நடந்துட்டு வந்தீங்களா?" என்று விடிந்ததும் தொடங்கிவிடுவாள். நடக்கிறேன். கீரையும் தின்கிறேன். வலி அதிகம் வருவதில்லை, அலுப்புதான் போகவில்லை.

எந்த வீட்டுக்குப் போய் நான் எதை மறுத்தாலும், அது வெறும் காபியாக இருந்தாலும், என் கணவர் முந்திக்கொள்வார்.

"பயப்படாதீங்க. பொண்ண வேணாம்னு சொல்லல. குடல்தான் வேணாங்குது."