பதினேழாம் நம்பரில் ஒரு ஆள் குறைவு

கிருஷ்ணவேணி தோசைக்கல்லில் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தபோது முன்னறையிலிருந்து தாணுலிங்கம் கேட்டார்.

"வேணி, உன் ரத்தம் என்ன குரூப்பு?"

"முப்பத்தோரு வருஷம் கழிச்சுக் கேக்க வேண்டிய கேள்வியா இது?"

"ஃபார்ம்ல கேட்டிருக்கான்."

"பி நெகட்டிவ். லேசில கிடைக்காத ரத்தம். எழுதி வச்சுக்கிடுங்கோ. உங்களுக்கு எது நினைவிருக்கு?"

தாணுலிங்கம் எப்போதும் ஏதாவது ஒரு ஃபார்ம் நிரப்பிக்கொண்டிருப்பார். சர்வே ஆபீசில் வரைபடம் போட்டே ஓய்வு பெற்றவர். கட்டத்தைக் கண்டால் கை சும்மா இருக்காது. அன்று மூன்று தோசை சாப்பிட்டார். நாலாவதைப் பாதியில் வைத்துவிட்டு, ஃபார்மைச் சட்டைப்பைக்குள் மடித்துக்கொண்டு கழக்கூட்டம் பஸ்ஸைப் பிடிக்கப் போனார்.

அதைக் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்த பஸ்ஸில், கிழக்கேகோட்டையில் எல்லோரும் இறங்கினார்கள். அவர் இறங்கவில்லை.

நாலு மாதம் கழித்துக் கூரியரில் ஒரு பொட்டலம் வந்தது. உள்ளே நாலு மஞ்சள் பனியன்கள். எல்லாவற்றின் முதுகிலும் பதினேழு. அவள் அதையெல்லாம் கட்டிலில் விரித்துப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஜெயகுமார் வந்துவிட்டார். தாணுலிங்கத்தோடு ஒரே மேஜையில் வேலை பார்த்தவர்.

"அண்ணாச்சி பேரு குடுத்த பந்தயம் மைனி. மூணு நாள். வித்துராவுல தொடங்கி மலை ஏறணும், எஸ்டேட் ரோட்டுல சைக்கிள், கடைசில ஆத்துல துடுப்பு. நான், நம்ம சுனிலு, அவன் கூட வேலை பாக்குத அபினு, பிறகு அண்ணாச்சி. நாலு பேரும் சேந்தேதான் போணும். ஒரு ஆளு குறைஞ்சாலும் டீம் அவுட்டு."

"அவருதான் இல்லியே."

"அதான், பனியனைத் திருப்பிக் குடுத்திரலாம்னு..."

கிருஷ்ணவேணி ஜன்னல் வழியாக வாசல் கேட்டைப் பார்த்தாள். ஒரு பக்கம் பச்சை, மறு பக்கம் துரு. போன ஓணத்துக்கு முன்னால் அவர் அடிக்கத் தொடங்கிய பெயின்ட்.

"திருப்பிக் குடுக்காண்டாம். அவரு பேருல நான் வாரேன்."

"மைனி! பேரு தாணுலிங்கம்னுல்லா இருக்கும்!"

"மனுசன் ஆயுசுல ஒரு காரியத்தை முழுசா முடிச்சதில்ல ஜெயகுமாரே. இதை மட்டுமாவது அவரு பேருல முடிச்சிட்டு வந்திருதேன்."

சுனில் அவளுடைய அண்ணன் மகன். கேள்விப்பட்டதும் பதறிப்போய் ஓடிவந்தான். "அத்தை, மலை கேறணும். ஒனக்கு முடியுமா?"

முடியுமா என்று அவளுக்கும் தெரியாது. ஆனால் தாணுலிங்கத்தின் கடைசி ஆறு மாதத்தில் அவள் சும்மா இருக்கவில்லை. ஸ்கூட்டர் ரிப்பேர் என்று சொல்லி, கரமனை வீட்டிலிருந்து ஆரியசாலைக் கடைத்தெருவுக்கு அவளை நடத்தியே கூட்டிப்போனார். வரும்போது ஐந்து கிலோ வெல்லத்தை அவள் தலையில் கட்டிவிட்டு, தான் ஆட்டோவில் முன்னால் வந்து தெருமுக்கில் கடிகாரத்தோடு நிற்பார். "நேத்தைக்கு இருபத்தாறு நிமிசம், இன்னைக்கு இருபத்திநாலு" என்பார். முட்டுவலி என்று பால் வாங்கச் சைக்கிளில் அவளையே அனுப்பினார். மிக்சி கெட்டுப்போயும் சரிசெய்யவில்லை. அம்மியில் அரைத்து அரைத்து அவள் தோள் இரும்பாகிவிட்டது. இப்படி ஒரு சோம்பேறியை யாரும் கட்டியிருக்க மாட்டார்கள் என்று அவள் தினமும் சொன்னாள். அவர் போன பிறகு சுனில் வந்து பார்த்ததில் ஸ்கூட்டரில் பிளக் ஒயர் கழன்றிருந்தது. அவ்வளவுதான் கோளாறு.

வித்துராவில் பச்சைத் தொப்பி போட்ட ரெனி என்ற பெண் கையில் பட்டியலோடு நின்றாள். பதினேழாம் நம்பர் முறை வந்ததும் தலையை எண்ணினாள்.

"நாலு பேர். ஓகே." நாலு டிக் போட்டாள்.

அத்தோடு நடந்திருந்தால் வம்பில்லை. ஆனால் ஜெயகுமார் முப்பது வருட சர்வீசில் ஒரு பொய் மெடிக்கல் லீவு கூட எடுத்தவரல்ல. அவருக்கு வியர்த்தது.

"இது தாணு" என்றார், யாரும் கேட்காமல்.

"தாணுவோ?"

"வடக்கே பொம்பளைகளுக்கு அப்படிப் பேரு உண்டு" என்று அபின் முட்டுக்கொடுத்தான்.

ரெனி பட்டியலைப் பார்த்தாள். கிருஷ்ணவேணியின் மூக்குத்தியைப் பார்த்தாள். ஒரு டிக்கை அழித்துவிட்டுக் கேள்விக்குறி போட்டாள். அதற்குள் விசில் ஊதிவிட்டார்கள்.

மலையில் முதலில் மூச்சு வாங்கியது ஜெயகுமாருக்குத்தான். கிருஷ்ணவேணி அவருடைய பையையும் வாங்கிப் போட்டுக்கொண்டாள். வெல்லத்தைவிடக் கனம் குறைவாகத்தான் இருந்தது.

சாயங்காலம் முதல் செக் பாயிண்டில் ஒரு மீசைக்காரர் போனில் பேசிவிட்டு வந்தார். "உங்க டீமில் ஒரு ஆள் குறைவுண்டே."

"நாலு பேரும் நிக்கோமே" என்றான் சுனில்.

"இந்தம்மா தாணு. சரி. மத்த ஆளு எங்க?"

நிஜத் தாணுலிங்கத்தைத்தான் கேட்கிறார்கள் என்று ஜெயகுமார் நினைத்துக்கொண்டார். "ஆளு பின்னால வருது, கேட்டேளா. மெதுவா வருது."

மீசைக்காரர் ஒரு லாந்தரை ஏற்றிப் பாதையோரம் வைத்தார்.

மற்ற டீம்களுக்கெல்லாம் வண்டியில் ஆள் வந்து சுடச்சுடக் கஞ்சியும் பயறும் பரிமாறினார்கள். பதினேழாம் நம்பருக்கு பிஸ்கட். "வண்டிக் காரியத்தை நான் பாத்துக்கிடுதேன்னு அண்ணாச்சி சொன்னாரு மைனி" என்றார் ஜெயகுமார்.

"அதையும் பாதியில விட்டாச்சு" என்று கிருஷ்ணவேணி பிஸ்கட்டைத் தண்ணீரில் நனைத்தாள்.

மறுநாள் எஸ்டேட் செக் பாயிண்டில் மறுபடியும் கேட்டார்கள். "பின்னால வருதுன்னு சொன்ன ஆளு வந்தில்லல்லோ?"

"எஸ்டேட் பங்களாவுல ரெஸ்ட் எடுக்குது" என்றான் அபின். சொன்ன பிறகுதான் இங்கே பங்களா உண்டா என்று யோசித்தான். உண்டு. ஜீப்பை அனுப்பினார்கள். பங்களாவில் ஒரு நாய்தான் ரெஸ்ட் எடுத்துக்கொண்டிருந்தது.

மூன்றாம் நாள் காலை, கயிறும் ஸ்ட்ரெச்சருமாக இரண்டு ஜீப்புகள் எதிரே மலையேறிப் போயின. ஆறேழு பேர் காட்டைப் பார்த்துக் கூவிக்கொண்டே போனார்கள்.

"மைனி" என்று ஜெயகுமார் குரலைத் தாழ்த்தினார். "அவங்க தேடுறது நம்ம அண்ணாச்சியத்தான்."

கிருஷ்ணவேணி சைக்கிளை நிறுத்தி, ஜீப்புகள் வளைவில் மறையும் வரை பார்த்தாள்.

"தேடட்டும்" என்றாள். "நானும் நாலு மாசமாத் தேடத்தானே செய்யுதேன்."

பிறகு ஆற்றை நோக்கிச் சைக்கிளை மிதித்தாள்.

ஆற்றில் ஜெயகுமார் துடுப்பைத் தவறவிட்டார். மிச்ச தூரம் அம்மிக்கைதான் தள்ளியது. கரையில் சிவப்பு நாடா கட்டியிருந்தது. அதற்கு முன்னால் ரெனி கையை விரித்துக்கொண்டு நின்றாள். அழுதிருந்தாள்.

"ஆள் எவிடெ சேட்டா? ஆளில்லாம இந்த நாடாவைத் தாண்ட முடியாது. இனி போலீஸில் சொல்லணும்."

கிருஷ்ணவேணி முன்னால் வந்தாள். "அவங்களை வையாத மோளே. தப்பு என் பேருல. நீங்க தேடுற ஆளு செத்தாச்சு."

"செத்தோ!" ரெனியின் கையிலிருந்த அட்டை மணலில் விழுந்தது. "காட்டுலயா?"

"பஸ்ஸுல. நாலு மாசம் முன்னால."

ரெனி அபின் பக்கம் திரும்பினாள். "நாலு மாசம் முன்னால செத்த ஆளா நேத்து பங்களாவுல ரெஸ்ட் எடுத்தது?"

அபின் ஆற்றை ஆராய்ந்தான்.

"தாணுலிங்கம் என் வீட்டுக்காரர். அவருக்குப் பதிலா நான் வந்தேன். எங்களை வேணும்னா வெளியே நிறுத்து, அவரு பேரை மட்டும் வெட்டிராத மோளே."

ரெனி அட்டையை எடுத்து மணலைத் தட்டினாள். ஒரு தாளைப் புரட்டினாள். இன்னொன்றைப் புரட்டினாள்.

"தாணுலிங்கம் உங்களுக்குக் கஞ்சி கொண்டு வர வேண்டிய வண்டி டிரைவர் அல்லே? அந்த ஆளை யாரு தேடினா? ஒரு பொம்பளையாவது இல்லாத டீமை நாங்க எடுக்கவே மாட்டோம் சேச்சி. மூணு நாளா நாங்க தேடுறது கிருஷ்ணவேணியை!"

ஜெயகுமார் மணலில் உட்கார்ந்துவிட்டார்.

ரெனி நீட்டிய ஃபார்மில் அச்சடித்த மாதிரி அவருடைய எழுத்து. ஒரு கட்டம்கூடக் காலியில்லை. அதைப் பார்த்தபடியே, பிளக் ஒயர் தானாகக் கழலாது என்று கிருஷ்ணவேணிக்குத் தோன்றியது. மிக்சி கூட ஓடியிருக்கும்.

"அது நான்தான் மோளே."

"நேத்து வரை தாணு. இப்போ கிருஷ்ணவேணியோ?" ரெனி ஃபார்மை வெடுக்கென்று பிடுங்கி நெஞ்சோடு மறைத்துக்கொண்டாள். இனி யாரையும் நம்புவதாக இல்லை. "இதில் உள்ளதைச் சொல்லணும். பிறந்த தேதி?"

"ஜூன் பதினொண்ணு."

"அல்ல. வயசு?"

"அம்பத்திநாலு."

"இதில் அம்பத்தொண்ணு." சுனில் கண்ணை மூடிக்கொண்டான். "ரத்த குரூப்பு?"

"பி நெகட்டிவ்."

ரெனி கட்டத்தின் மேல் விரலை வைத்து இரண்டு முறை படித்தாள். பிறகு நாடாவை விட்டு விலகி நின்று, கேள்விக்குறியை அழித்தாள்.

"தேதி தப்பு, வயசும் தப்பு" என்றாள். "ரத்தம் மட்டும் சரியா எழுதியிருக்கு, சேச்சி."