கணினி மூலையில் ஏழாவது படம்

எண்ணத் தெரிந்தவன் ஏமாற மாட்டான் என்று எழுபத்திரண்டு வயது வரைக்கும் நம்பிக்கொண்டிருந்தேன். அந்த நம்பிக்கை ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதேகால் மணிக்கு ஆட்டம் கண்டு, அன்று மாலை நான்கு மணிக்குள் மூவாரில் ஒரு வீட்டுக் கூடத்தில் உயிரை விட்டது. இடையில் மூன்று பஸ், ஒரு மாலை, பன்னிரண்டு பலூன்.

எண்ணுவது என் தொழில் எனக்குக் கொடுத்த வியாதி. மலேசியாவில் பெக்கோக் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் முப்பத்து மூன்று வருடம் கிராணியாக, அதாவது கணக்குப்பிள்ளையாக, இருந்தேன். விடியற்காலைப் பெரட்டில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிட வேண்டும். வந்தவர் எத்தனை, வராதவர் எத்தனை, வராதவர் ஏன் வரவில்லை, எல்லாம் புத்தகத்தில் ஏறும். ஓய்வு பெற்ற பிறகு கூப்பிடப் பேர் இல்லை. அதனால் கண்ணில் பட்டதையெல்லாம் எண்ண ஆரம்பித்தேன். பெக்கான் நானாஸில் மகள் செல்வியின் வீட்டோடு வந்துவிட்டேன். இங்கே வாசலிலிருந்து குளியலறைக்கு இருபத்தாறு அடி. (மருமகன் இருபத்திரண்டு என்கிறார். அவருக்குக் கால் நீளம்.)

செல்வி பொழுது விடியுமுன் பாலம் தாண்டிச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்விடுவாள். பகலில் நான் தனியாகப் புலம்பிக்கொண்டிருக்கக் கூடாது என்று தன் பழைய கணினியை என் அறையில் வைத்துக் கொடுத்தாள். அதைத் தமிழுக்கு மாற்றினாள். கண் அறுவை சிகிச்சை செய்துகொண்ட எனக்காக எழுத்துகளை இரண்டு மடங்கு பெரிதாக்கினாள். தோட்டத்துப் பழைய ஆட்களையெல்லாம் அதற்குள் தேடிப் பிடித்து எனக்கு நண்பர்களாக்கினாள். நான் அவர்களில் ஒருவரையும் எட்டிப் பார்க்கவில்லை. தினமும் காலையில் மரண அறிவித்தல் பக்கத்தை மட்டும் திறப்பேன். வட்டத்துக்குள் ஒரு முகம், பக்கத்தில் ஒரு தீபம், கீழே பேர், வயது. என்னைவிட இளையவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிவிட்டுத்தான் தேநீர் குடிப்பேன். பெரட்டு முடிந்த மாதிரி இருக்கும்.

திரையின் வலது கீழ் மூலையில் ஆறு சின்னப் படங்கள் உண்டு. பூகோளம், ஒலிபெருக்கி, மேகம், கேடயம், மணி, பேனா. செல்வியிடம் கேட்டு ஒவ்வொன்றின் வேலையையும் நோட்டில் எழுதி வைத்திருந்தேன். அந்தச் செவ்வாய்க்கிழமை அங்கே ஏழு இருந்தன.

மறுபடி எண்ணினேன். ஏழுதான். ஏழாவதன் தலையில் ஒரு சிவப்புப் பொட்டு, பொட்டுக்குள் ஒன்று. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். ஒரு சின்ன மேடை, அதன் மேல் எரிகிற சுடர்.

கணினியை நிறுத்தித் திரும்பப் போட்டேன். போகவில்லை. மூன்று முறை செய்தேன். ஈரத்துணியால் திரையைத் துடைத்தேன். (கறையாக இருந்தால்?) மவுஸைப் பிடுங்கி ஐந்து நிமிடம் அதற்கு ஓய்வு கொடுத்துச் செருகினேன். சுடர் எரிந்துகொண்டே இருந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் பூச்செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு மலாய்க்காரர் பாக் மாட்டிடம் சன்னல் வழியாக நிலைமையை விளக்கினேன்.

"தெக்கான் சஜா லா, பாங்!" என்றார் அவர், குழாயிலிருந்து கண்ணை எடுக்காமல். அமுக்கிவிடு, அவ்வளவுதான் என்கிறார். அவர் வீட்டுக் கணினியா என்ன?

வேறு வழி தெரியாமல் அமுக்கினேன்.

மூலையிலிருந்து ஒரு கட்டம் எழும்பியது. வட்டத்துக்குள் ஒரு முகம். கழுத்தில் மாலை, நெற்றி நிறைய விபூதி. பக்கத்தில் அதே சுடர். கீழே எனக்காகப் பெரிதாக்கப்பட்ட எழுத்தில்: 'மாணிக்கம் இன்று…'

அதற்கு மேல் கட்டத்தில் இடமில்லை. இருந்தவை மூன்று புள்ளிகள். கட்டம் நான்கு வினாடி நின்று, தானாக மறைந்துபோனது. பதறிப்போய் மறுபடி அமுக்கினேன், கடவுச்சொல் கேட்டது. மூன்று முறை தப்பாகப் போட்டேன். என்னை வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டது.

மாணிக்கம் எங்கள் தோட்டத்து டிரஸ்ஸர். டாக்டர் மாதத்துக்கு ஒரு முறை வருவார். மற்ற நாளெல்லாம் தோட்டத்து ஆஸ்பத்திரி மாணிக்கத்தின் கையில். ஊசி, மாத்திரை, பிரசவம், பிணம், எல்லாவற்றுக்கும் அவர்தான். தோட்டத்தில் ஓர் ஆள் இறந்தால் டிரஸ்ஸர் சீட்டு எழுதிக் கொடுக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் கிராணி பெரட்டுப் புத்தகத்தில் பேரை அடிக்கலாம். முப்பது வருடம் அவர் எழுத, நான் அடிக்க, அப்படிச் சேர்ந்தே இருந்தோம். தினமும் சாயங்காலம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, ஒருவர் சொல்வதை ஒருவர் மறுப்போம்.

பதினோரு வருடத்துக்கு முன்னால் என் மனைவி தனம் இறந்தாள். வந்தவர்களை எண்ணினேன். (வேறென்ன செய்யத் தெரியும் எனக்கு?) இருநூற்றுப் பதினான்கு பேர். ஒன்பது வீடு தள்ளியிருந்த மாணிக்கம் அதில் இல்லை. அடுத்த மாதமே மகன் முருகனோடு இருக்க மூவாருக்குப் போய்விட்டார். சொல்லிக்கொள்ளக்கூட இல்லை. கல்யாணத்துக்கு வராததற்கு ஆயிரம் காரணம் இருக்கலாம், சாவுக்கு வராததற்கு ஒன்றுகூடக் கிடையாது என்பது என் கணக்கு. அவர் சாவுக்கு நான் போகாமல் இருப்பதென்று முடிவு செய்து, பதினோரு வருடம் ஆசையாகக் காத்திருந்தேன். அவருடைய மூவார் முகவரியைக்கூட யாரிடமோ கேட்டு, போகக் கூடாத இடம் என்று நோட்டில் எழுதி வைத்திருந்தேன்.

காத்திருந்த நாள் வந்தபோது பார்த்தால், என் கை வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தது.

செல்விக்கு ஒன்பது முறை போன் செய்தேன். வேலை நேரத்தில் போனைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுவார்கள், எடுக்கவில்லை. மூவார் வீட்டுக்குக் கூப்பிட எண் இல்லை. இருந்தாலும் துக்க வீட்டுக்குப் போன் செய்து 'செத்தது நிஜந்தானா' என்று கேட்க முடியுமா? எப்படியும் மூன்று, நான்கு மணிக்குள் பிணத்தை எடுத்துவிடுவார்கள். கிளம்பினேன்.

பொந்தியானுக்கு ஒரு பஸ், அங்கிருந்து பத்து பகாட் ஊருக்கு ஒரு பஸ். அங்கே பஸ் நிலையத்துக்குப் பக்கத்துப் பூக்கடையில் ஒரு பெண் பூக் கட்டிக்கொண்டே கேட்டாள்.

"சாமிக்கா அங்கிள், ஆளுக்கா?"

"ஆளுக்கு. போய்ச் சேந்துட்டாரு."

"அடடா. சொந்தமா?"

சொந்தமா என்று எனக்கே தெரியவில்லை. "கூட வேல பாத்தவரு," என்றேன். வெள்ளைச் செவ்வந்தியில் கனமாக ஒன்று கட்டிக் கொடுத்தாள். மூன்றாவது பஸ்ஸில் அந்த மாலை என் மடியில் உட்கார்ந்து வந்தது. பக்கத்து இருக்கை காலியாகவே இருந்தது. பஸ்ஸில் பத்தொன்பது பேர் நின்றுகொண்டு வந்தார்கள்.

முருகனின் வீடு நாற்காலி, மேசை செய்யும் பட்டறைக்குப் பின்னால். மரத்தூள் வாசனையைப் பிடித்துக்கொண்டு போனேன். வாசலில் நீலக் கூடாரம். சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலி நாற்பது. எனக்கு மிச்சமிருந்த சந்தேகமும் போய்விட்டது. சிலர் தட்டோடு உட்கார்ந்து மீ நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பிணத்தை எடுக்குமுன் சாப்பாடா என்று மனம் கொதித்தது. பலூன் கட்டியிருந்ததையும் பார்த்தேன். பார்த்ததோடு விட்டேனா, எண்ணவும் செய்தேன்: பன்னிரண்டு. இந்தக் காலத்துப் பிள்ளைகள் எதைத்தான் செய்ய மாட்டார்கள் என்று மட்டும் தோன்றியது. (எண்ணுகிறவன் பார்ப்பதில்லை என்பது அன்றைக்கு நான் கற்ற பாடம்.)

முருகன் ஓடி வந்தான். துக்க வீட்டில் 'வாங்க' சொல்லக் கூடாது. இவன் வாய் நிறையச் சொன்னான்.

"அங்கிள்! வாங்க வாங்க! அப்பா உங்களப் பாத்தா எவ்ளோ சந்தோசப்படுவாரு!"

பாவம், அதிர்ச்சியில் பிதற்றுகிறான் என்று நினைத்தேன். முறைப்படி இரண்டு கையையும் நீட்டினேன். அவன் அதைப் பிடித்துக் குலுக்கினான்.

"எங்க இருக்காருப்பா?" என்றேன்.

"ஹால்ல படுத்திருக்காரு. போய்ப் பாருங்க. மால வேற வாங்கிட்டு வந்திருக்கீங்க, அலமாக்!" என்று வியந்தான்.

கூடத்தில் நீள நாற்காலியில் வெள்ளை வேட்டி சட்டையோடு மாணிக்கம் கிடந்தார். நெற்றியில் விபூதி. வாய் பாதி திறந்திருந்தது. பதினோரு வருடத்தில் பாதியாகிவிட்டிருந்தார். மாலையைக் கழுத்தோரம் சாத்தினேன். பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்தேன்.

"தனம் சாவுக்கு நீ வரல," என்றேன். குரல் எனக்கே கேவலமாகக் கேட்டது. "இருநூத்திப் பதினாலு பேரு வந்தாங்க. நீ வரல. நானும் வரக் கூடாதுன்னுதான் இருந்தேன். முடியலய்யா. போயிட்டியேய்யா…"

மாணிக்கத்தின் இடது கண் மட்டும் திறந்தது.

"கிராணி," என்றார். "நான் இன்னும் சீட்டே எழுதிக் குடுக்கல. அதுக்குள்ள எப்படிய்யா பேர அடிச்ச?"

நான் போட்ட சத்தம் பட்டறை வரைக்கும் கேட்டதாம். மரம் அறுக்கிற வாளை நிறுத்திவிட்டு நான்கு பேர் வேலியோரம் வந்து நின்றதாகப் பிறகு சொன்னார்கள். உள்ளே ஓடி வந்தவர்கள் பதினேழு பேர். எல்லோருக்கும் முன்னால் நான் விஷயத்தைச் சொல்ல வேண்டியதாயிற்று: ஏழாவது படம், சுடர், மூன்று புள்ளி. முருகன் தன் போனை எடுத்து அந்தப் படத்தைக் காட்டினான். மேடை இல்லையாம், கேக்காம். சுடர், அதன் மேல் செருகிய மெழுகுவத்தி. மூன்று புள்ளிக்குள் மடங்கிக் கிடந்தது 'பிறந்தநாள் கொண்டாடுகிறார்'. எழுபத்தைந்து.

சிரிப்பு அடங்க வெகுநேரமாயிற்று. மாணிக்கம் மட்டும் சிரிக்கவில்லை. எல்லோரும் வெளியே போனபின், கழுத்திலிருந்த சாவு மாலையைக் கழற்றாமலே எழுந்து உட்கார்ந்தார்.

"நான் வந்தேன்யா," என்றார்.

"எங்க?"

"ஒங்க வீட்டு வேலி வரைக்கும். செம்பருத்திக்குப் பின்னால நின்னேன். உள்ள வரக் கால் வரல."

மாலையிலிருந்து ஒரு பூவைக் கிள்ளிக்கொண்டே சொன்னார்:

"வயித்து வலின்னு வந்துச்சு தனம். வாயுன்னு சொல்லி வெள்ள மாத்திர குடுத்து அனுப்பினது யாரு? நாந்தானே? பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் குடுத்திருக்கணும். எழுதல. எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு வந்து நிக்கிறது?"

தனத்தை அவரிடம் கூட்டிக்கொண்டு போனவன் நான். ஆறு முறை. முதல் முறையே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று அவள் கேட்டாள். டிரஸ்ஸருக்குத் தெரியாததா என்று சொன்னதும் நான். ஆறு முறை என்பது பதினோரு வருடமாக எனக்குத் தெரியும். அதை மட்டும் எந்த நோட்டிலும் எழுதவில்லை.

"வேலி வரைக்கும் வந்தா கணக்குல வராதா?" என்று கேட்டார் மாணிக்கம்.

பெரட்டில் களத்து ஓரத்தில் நின்றாலும் ஆள் ஆள்தான். "வரும்," என்றேன். "இருநூத்திப் பதினஞ்சு."

பிறகு வெளியே போய்க் கேக் வெட்டினார்கள். எனக்குத்தான் முதல் துண்டு. இரண்டு துண்டு தின்றேன்.

முருகன் காரில் கொண்டுவந்து விட்டான். வாசலில் செல்வி நின்றுகொண்டிருந்தாள். போனில் என் ஒன்பது அழைப்புகளையும் பார்த்துப் பயந்துபோயிருந்தாள். நான் படி ஏறாமல் வெளியிலேயே நின்றேன். துக்க வீட்டுக்கென்று கிளம்பிப் போனவன் குளிக்காமல் உள்ளே வரலாமா, கூடாதா? முருகன் நடந்ததைச் சொன்னான். செல்வி வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"கேக் தின்னுட்டு வந்தவங்களுக்கு எதுக்குப்பா தலைக்குத் தண்ணி? உள்ள வாங்க!"

அன்றிலிருந்து இந்த வீட்டில் யாருக்கு என்ன செய்தி வந்தாலும் ஒரே கேள்விதான்: "கேக்கா, வெளக்கா?" மருமகனுக்கு ஆபீஸ் கடிதம் வந்தாலும் அதுதான். பாக் மாட்டுக்குக்கூடச் சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். வேலிக்கு மேலாகத் தமிழில் கேட்கிறார்.

மாணிக்கமும் நானும் அதற்குப் பிறகு தினமும் போனில் பேசினோம். எடுத்ததும் அவர் கேட்பது, "பெரட்டுல என் பேரு இருக்கா?" இருக்கிறது என்பேன். இரண்டு வருடம் இருந்தது. ஒரு மதியம் அதே நீள நாற்காலியில் தூங்கியவர் எழும்பவில்லை. செய்தியோடு போனை என்னிடம் நீட்டிய செல்வி வழக்கமான கேள்வியைக் கேட்கவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது. இருந்தாலும் முருகனிடம் கேட்டேன்:

"நல்லா பாத்தீங்களா? தொட்டுப் பாத்தீங்களா?"

"ஆஸ்பத்திரில எழுதிக் குடுத்துட்டாங்க அங்கிள்," என்று அழுதான்.

இந்த முறையும் செவ்வந்தி மாலைதான். சாத்திவிட்டு, இடது கண்ணைப் பார்த்தபடி நின்றேன். எண்பது வரை எண்ணினேன். பின்னால் ஆட்கள் காத்திருக்கிறார்கள் என்று முருகன் என் தோளைத் தொட்டான்.

போனது போனதுதான். ஆனால் இந்தக் கணினிக்கு அது தெரியவில்லை. இந்த வருடமும் அவர் பிறந்தநாளில் மூலையில் ஏழாவது படம் முளைத்தது. அமுக்கினால் நான்கு வினாடி. மாலை, விபூதி, சுடர், 'மாணிக்கம் இன்று…'

"அத வராம நிறுத்திரலாம்பா," என்றாள் செல்வி. "ரெண்டே அமுக்குதான்."

வேண்டாம் என்றேன். டிரஸ்ஸர் சீட்டு எழுதிக் கொடுக்கவில்லை.