அறிவித்தாகிவிட்டது

உலகத்தில் சொல்கிறவர்கள் உண்டு, சொல்லாதவர்கள் உண்டு. இவர்களோடு, 'அறிவித்துவிடுகிறவர்' என்றொரு இனமும் உண்டு. விசயம் உங்களுக்கு வந்து சேர்ந்ததா என்பது அவருக்குக் கவலையில்லை. தன் கையை விட்டுப் போய்விட்டதா? போய்விட்டது. அன்றைக்குச் சோறு நிம்மதியாக இறங்கும்.

கண்டியில் ஒரு நிவாரண அலுவலகத்தின் கணினிப் பொறுப்பாளர் விமலநாதன் இந்த இனத்தில் நல்ல வளர்த்தி. யாழ்ப்பாணத்துக்காரர். யுத்தம் உச்சத்தில் இருந்த 2008ஆம் ஆண்டு. எந்த வீதியில் சோதனை, எங்கே பஸ்ஸிலிருந்து ஆட்களை இறக்குகிறார்கள் என்று ஊழியர்கள் எல்லோரும் எழுதவும் திருத்தவும் கூடிய ஒரு விக்கிப் பக்கத்தை உண்டாக்கினார். 'பாதை நிலவரம்' என்று பெயர். நல்ல காரியம். அதோடு நின்றாரா?

பக்கம் மாறினால் எல்லோருக்கும் மின்னஞ்சல் போக ஏற்பாடு செய்தார். ஒருவர் முற்றுப்புள்ளி வைத்தால் ஒரு மெயில், இன்னொருவர் அதை எடுத்தால் இன்னொரு மெயில், கம்பளை என்ற ஊரைக் 'கம்பலை' ஆக்கியவருக்காக ஒன்று, அதைத் திருத்திய விமலநாதனுக்காக ஒன்று. எல்லாவற்றுக்கும் ஒரே தலைப்பு: 'பக்கம் மாற்றப்பட்டுள்ளது.'

"சேர், அவசரமானத மட்டும் உடனே அனுப்பிட்டு, மத்ததெல்லாம் பின்னேரம் ஒரே மெயிலா அனுப்பேலாதா?" என்று கேட்டாள், தொலைபேசிக்குப் பொறுப்பான பஸீஹா.

"எது அவசரம் எண்டு ஆர் தீர்மானிக்கிறது, பிள்ளை? எனக்குச் சொல்லேல்லை எண்டு நாளைக்கு ஒருத்தரும் என்னைக் கேக்கக் கூடாது."

பார்த்தீர்களா? இந்த இனத்தின் மூல மந்திரமே அதுதான்.

ஒருநாள் காலை, கொழும்பில் கூட்டத்துக்குப் புறப்படுமுன், மேல்மாடியில் இருந்து எழுத்துப் பிழை திருத்திக்கொண்டிருந்தார். திருத்தத் திருத்த மெயில் பறந்தது. அந்த நேரம் பார்த்து, வெளிவேலைக்குப் போயிருந்த ராஜலிங்கம், கொழும்பு வீதியில் உள்ள கடுகண்ணாவையிலிருந்து கீழே பஸீஹாவுக்குப் போன் எடுத்தான்.

"யாழ்ப்பாண ஐடென்டி கார்டு வச்சிருக்கவங்கள பஸ்ஸுல இருந்து எறக்குறாங்க. நம்ம ஆளுங்கள இந்தப் பக்கம் வர வேணாம்னு சொல்லுங்க."

பஸீஹா அதை அப்படியே பக்கத்தில் எழுதினாள். மெயில் எல்லோருக்கும் போனது. விமலநாதனுக்கும் போனது. அவரோ பையைத் தூக்கிக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் இறங்கிப் போய்க் கொழும்பு பஸ்ஸில் ஏறினார்.

அவர் பார்க்கவில்லையா? எப்படிப் பார்ப்பார்? அந்தத் தலைப்போடு வரும் மெயில்கள் தன் கண்ணில் படாமல் வேறொரு மூலைக்குப் போகும்படி முதல் வாரமே செய்து வைத்திருந்தார். தொல்லை தாங்க முடியவில்லையாம்!

கடுகண்ணாவையில் இறக்கினார்கள். சோதனைச் சாவடியின் வாங்குப் பலகையில் இருத்தினார்கள். பக்கத்தில் ஒரு வவுனியாக்காரர், கூப்பிடுவதற்கு யாருடைய நம்பரும் இல்லாதவர். அவரை ஜீப்பில் ஏற்றினார்கள். அடுத்தது தான் என்றே விமலநாதன் நினைத்தார்.

சாவடியிலிருந்து அவர் அலுவலகத்துக்குப் போன் எடுத்திருந்தார். பின்னேரம் பஸீஹா மேலதிகாரியைக் கூட்டிக்கொண்டு வந்து, சிங்களத்தில் பேசிப் பேசி அவரை மீட்டெடுத்தாள். அலுவலக வாகனத்தில் ஏறியதும் அவருக்கு வாய் வந்தது.

"ஏன் எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை?"

"எழுதினேனே சேர். மெயிலும் வந்தீக்குமே."

கண்டி வந்ததும் அவர் முதலில் அந்த மூலையைத்தான் திறந்து பார்த்தார்.

அடுத்த நாள் பஸீஹாவைப் பக்கத்தில் இருத்தி எல்லாவற்றையும் மாற்றினார். உயிருக்கு ஆபத்தான செய்தி என்றால் உடனே போகும், தலைப்பிலேயே இடமும் ஆபத்தும் இருக்கும். புள்ளியும் கமாவும் பின்னேரம் ஒரே மெயிலில். அதற்கும் மேலாக, அந்தப் பக்கம் போகிறவருக்கு ஒருவர் போன் எடுத்துக் கேட்க வேண்டும்: "விளங்கிச்சா?" அந்த வவுனியாக்காரரைப் பற்றி விமலநாதன் இரண்டு தடவை போய் விசாரித்தார். பதில் கிடைக்கவில்லை.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நல்லது. போன கிழமை வீட்டில், "நான்தான் அன்றைக்கே சொன்னேனே" என்று கத்தியது யார்? எப்போது சொன்னீர்கள்? கேட்க வேண்டியவர் குழாயைத் திறந்துவிட்டுப் பாத்திரம் கழுவும்போது, வேறு ஆறு விசயங்களோடு சேர்த்து, அவருடைய முதுகுக்கு.

அவர் திரும்பிப் பார்த்தாரா?