ஒரு வீட்டுக்கு ஒரே வெப்பம்

மனித குலம் செய்த முதல் தவறு நெருப்பைக் கண்டுபிடித்தது. அதைத் திருத்தும் பொறுப்பு பல லட்சம் ஆண்டுகள் ஆள் கிடைக்காமல் காத்திருந்து, கடைசியில் எங்கள் ரிமு ஃப்ளாட் ஊராட்சியின் 'வெப்ப ஒழுங்குக் குழு'விடம் வந்து சேர்ந்தது. அதன் செயலாளர் நான். எனவே அதன் புகழை நான்தான் பாட வேண்டும்.

எங்கள் கொள்கை எளிமையானது. மின்சாரத்தில் வீட்டைச் சூடாக்கும் ஹீட் பம்பை ஊராட்சி உதவியில் பெறுகிறவர், வீட்டிலிருக்கும் விறகுக் கணப்பைப் பெயர்த்துக் கொடுத்துவிட வேண்டும். ஒரு வீட்டுக்கு ஒரே வெப்பம். "ரெண்டு வெப்பம் வச்சிக்கிறது ரெண்டு குடும்பம் வச்சிக்கிற மாதிரி" என்று தலைவர் கிளைவ் ராட்ரே முழங்கியபோது, உறுப்பினர்களில் இருவர் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

முதலில் முன்வந்தவர் வேர்னன். எண்பத்தொரு வயது, ஆட்டு ரோமம் கத்தரிக்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், தனிக்கட்டை. அவருடைய கணப்பை டிராக்டரில் ஏற்றியபோது நான் கைதட்டினேன். அந்தப் படம் ஊராட்சிச் செய்திமடலில் வந்தது.

வேர்னனின் பக்கத்து வீட்டு நோலீன்தான் சிக்கல். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர். ஹீட் பம்பைச் சொந்தக் காசில் வாங்கியதால் விதி அவரைத் தொடவில்லை. கணப்பையும் பக்கத்திலேயே வைத்திருந்தார். எங்கள் தென்கோளத்தில் குளிர்காலம் தொடங்கும் ஜூன் மாதம் நேரில் 'ஆய்வு' செய்யப் போனோம்.

"ரெண்டும் எதுக்கு நோலீன்?" என்றார் கிளைவ்.

"செருப்பும் பூட்ஸும் எதுக்கு வச்சிருக்கேனோ, அதுக்குத்தான். காலையில அவசரமா பஸ் எடுக்கப் போறப்போ பட்டனை அமுக்கினா அஞ்சு நிமிஷத்துல ரூம் சூடாயிடும். கடுங்குளிர் வந்தா வெளியில இருக்கற அதோட பெட்டியில ஐஸ் கட்டிக்குது. அதை உருக்கற வரைக்கும் சூடு வராது. அப்போ கணப்பு."

"அது நிக்கிறதில்ல. 'தற்காப்பு ஓய்வு' எடுக்குது."

"தாராளமா எடுக்கட்டும். அதுக்காக நான் விறைச்சுக் கிடக்கணுமா?"

"புகை?"

"வெளிய வந்து பாரு."

போய்ப் பார்த்தோம். கணப்பு எரிந்துகொண்டிருந்தது, புகைபோக்கிக்கு மேலே வானம் துடைத்துவிட்டது போல இருந்தது. இரண்டு வருஷம் காயவைத்த மனுக்கா மரத்து விறகு. கணப்பும் புது ரகம்.

கிளைவ் அசரவில்லை. "கண்ணுக்குத் தெரியாத புகைதான் ரொம்ப ஆபத்து. செயலாளர், எழுதிக்குங்க."

எழுதிக்கொண்டேன்.

"நோலீன், நீங்க திட்டத்துக்கு முட்டுக்கட்டை போடறீங்க."

"முட்டுக்கட்டையெல்லாம் எங்கிட்ட இல்ல கிளைவ். மனுக்காக் கட்டைதான் இருக்கு."

விதி அவரைத் தொடவில்லை என்றால் விதியை நீட்ட வேண்டியதுதானே? ஜூலையில் கூட்டம் என்று முடிவாயிற்று.

ஜூலையில் பனி முந்திக்கொண்டது. செவ்வாய்க்கிழமை முழங்கால் அளவு கொட்டியது, மின்கம்பிகள் அறுந்தன. ஊரிலிருந்த நூற்றுப் பன்னிரண்டு ஹீட் பம்புகளும் ஒரே நேரத்தில் 'ஓய்வு' எடுத்தன.

மறுநாள் காலையில் நோலீன் என் கதவைத் தட்டினார்.

"வேர்னன் கதவு திறக்கல. கூப்பிட்டா பதிலும் இல்ல. வா."

பின்கதவை உடைத்து உள்ளே போனோம். வேர்னன் கோட்டும் கம்பளியுமாக நாற்காலியில் இருந்தார். உதடு நீலம். கையில் ரிமோட், கட்டைவிரல் இன்னும் அமுக்கிக்கொண்டிருந்தது.

"வரும்னாங்க..." என்றார். "பட்டனை அமுக்கினா வரும்னாங்க..."

விரல்களைப் பிரித்து ரிமோட்டை எடுக்க முடியவில்லை. கணப்பு இருந்த இடத்தில் செய்திமடல் படத்தைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார். அதில் நான் கைதட்டிக்கொண்டிருந்தேன்.

அவரை மெத்தையில் கிடத்தி, பனியில் நோலீன் வீட்டுக்கு இழுத்துப் போனோம். நோலீன் அவரைக் கணப்பறையில் கிடத்தி, போர்வைகளால் சுற்றி, இனிப்புத் தேநீரைக் கரண்டி கரண்டியாகப் புகட்டினார். எனக்கு வேலை ஒன்றுமில்லை. கணப்பருகே நின்று குளிர்காய்ந்தேன். பிற்பகலில் வேர்னனின் விரல்கள் தாமாகத் திறந்தன. ரிமோட் தரையில் விழுந்த சத்தத்துக்கு நோலீன் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

மாலைக்குள் அந்த அறையில் பதினோரு பேர் சேர்ந்துவிட்டார்கள். குழுவின் ஐந்து பேரும் அதில் அடக்கம். நோலீன் கணப்பின் மேல் சீஸ் ரோல்களை வாட்டிக் கொடுத்தார். கிளைவ் நான்காவதைக் கடித்தபடி தலைகளை எண்ணினார்.

"அட, நம்ம எல்லாரும் இங்கதானே இருக்கோம்! கூட்டத்தை இங்கயே முடிச்சிடலாம்."

இருக்கும் கணப்புகள் அனைத்தையும் அகற்றும் தீர்மானத்தை, கணப்புக்கு முதுகைக் காட்டி நின்றபடி அவர் வாசித்தார். நடுவில் நோலீன், "கொஞ்சம் தள்ளு கிளைவ், கட்டை போடணும்" என்றார். தள்ளி நின்று, போட்டு முடித்ததும் பழைய இடத்துக்கே வந்து தொடர்ந்து வாசித்தார்.

நான் பேனாவைத் தூக்கினேன். "தலைவரே, வேர்னன் விஷயம்..."

"வேர்னன் நிகழ்ச்சி நிரல்ல இல்ல."

உண்மைதான். நிரலைத் தயாரித்தவனே நான்தான். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. அந்த 'ஒரு மனது' யாருடையது என்று யாரும் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை மின்சாரம் வந்தது. ஆண்டறிக்கையில் இப்படி எழுதினேன்: "மூன்று நாள் மின்தடையிலும் ஊரில் ஒருவர்கூடக் குளிரால் இறக்கவில்லை. ஒரே வெப்பத் திட்டத்தின் பாதுகாப்புத் திறன் இதனால் ஐயமற நிரூபணமாகிறது." மாவட்டத்திலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது. நடை நன்றாக இருப்பதாகத் தனியே குறிப்பிட்டிருந்தார்கள்.

நோலீனுக்கான அறிவிப்பை நானே கொண்டுபோனேன். முப்பது நாளில் கணப்பை அகற்ற வேண்டும். அவர் வாசலிலேயே படித்தார். உள்ளே மேசையில் வேர்னன் சூப் குடித்துக்கொண்டிருந்தார்.

"எங்க வீட்டுல குளிர்காஞ்சீங்க. பரவால்ல, அதுக்குத்தான் நெருப்பு. ஆனா இவர் பொழச்சதை அறிக்கையில எழுதி இன்னும் குளிர்காயறீங்களே, அது என்ன?"

"கொள்கை" என்றேன்.

கத்தரிப்பு எந்திரத்தின் இரைச்சலில் நாற்பது வருஷம் வேலை செய்து காது மந்தமாகிப்போன வேர்னன், சூப்பிலிருந்து தலையைத் தூக்கினார்.

"என்னது? கொலையா?"

செயலாளராக என் வாழ்நாளிலேயே முதன்முறையாக, ஒரு சொல்லைத் திருத்தாமல் விட்டேன்.