பேனரில் என் பெயர்

எனக்கு இழைக்கப்பட்ட அநீதிகளை முதலில் வரிசைப்படி சொல்லிவிடுகிறேன். வரிசை முக்கியம். கோரிக்கை மனுவில் வரிசை தவறினால், முதலாளி கடைசிக் கோரிக்கையை மட்டும் ஒத்துக்கொண்டு நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்துவிடுவான்.

அநீதி ஒன்று. குமாரபாளையத்தில் நான் வேலை பார்த்த பட்டறையில் கூலி உயர்வு கேட்டு முதலில் தறியை நிறுத்தியவன் நான். உயர்வு எல்லாருக்கும் வந்தது. எனக்கு வேலை போனது.

அநீதி இரண்டு. அந்த வெற்றியைப் பற்றி நான் எழுதிய துண்டறிக்கையை ஊரே பேசியது. அடியில் வேறொருவர் பெயர் அச்சாகியிருந்தது. கேட்டதற்கு, “இடம் பத்தலீங்க, சின்னப் பேராப் பாத்துப் போட்டுட்டோம்” என்றார் அச்சகக்காரர்.

அநீதி மூன்று. சங்கம் இரண்டாக உடைந்தது. இந்தப் பாதி என்னை அந்தப் பாதியின் ஆள் என்றது. அந்தப் பாதி இந்தப் பாதியின் ஆள் என்றது. ஆகவே மூன்றாவதாக ஒரு சங்கம் பிறந்தது. தலைவர், செயலாளர், பொருளாளர், உறுப்பினர் எல்லாம் நானே. இதுவரை பெரிய கருத்து வேறுபாடு இல்லை.

அநீதி நான்கு. இது வீட்டுக்குள்ளேயே நடந்தது. பேனரில் ‘வசந்தா மொபைல்ஸ்’ என்று போட்டிருந்தது.

வசந்தாமணி என் மனைவி. பழைய செல்போன்களை வாங்கி, பேட்டரி மாற்றி, துடைத்துப் பளபளப்பாக்கி விற்கிறாள். திருச்செங்கோட்டில் ஒரு கல்யாண மண்டபத்து மைதானத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் கடைகள் போடுவார்கள். கல்லூரி விழா, கோயில் விசேஷம் என்றால் அங்கேயும் அவளுக்கு ஒரு மேசை உண்டு. கல்லூரிப் பிள்ளைகள் கேமரா பார்த்து வாங்குவார்கள். ரிக் வண்டியில் வடக்கே ஆழ்துளைக் கிணறு போடப் போகிறவர்கள் சத்தம் பார்த்து வாங்குவார்கள். மேசை தூக்குவதும் குடை நடுவதும் என் வேலை. விற்பதெல்லாம் அவள். பேனரும் அவள்.

எங்கள் வீட்டில் தெருவைப் பார்த்து ஒரு முன்னறை இருக்கிறது. அதைக் கடையாக்க வேண்டும் என்பது அவளுடைய நெடுநாள் ஆசை. போன மாதம் மைதானத்தில் மழை பிடித்தபோது போன்களை முந்தானையில் கட்டிக்கொண்டு மண்டபத்துப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள். அன்றைக்கும் கேட்டாள்.

“அந்த ரூமைக் குடுங்களேன். கூரைக்குக் கீழ உக்காந்து யாவாரம் பண்றனே.”

“அது சங்க அலுவலகம், வசந்தா.”

“அலுவலகத்துல என்னங்க இருக்குது?”

“துண்டறிக்கை இருக்குது. கொடி இருக்குது.”

“ஆளு?”

“நான் இருக்கறனே.”

“நீங்க அடுப்படியிலதானுங்க எச்சா இருக்கறீங்க.”

நான் அசையவில்லை. அறை ஒரு கொள்கை. கொள்கையைக் காலி செய்ய முடியாது. தவிர, கடை வைத்தால் நாம் முதலாளி ஆகிவிடுவோம். இந்தச் சண்முகவேல் சாகலாம், முதலாளி ஆகலாமா?

ஆனால் பேனர் என்னை அரித்தது. வாழ்க்கையில் ஒரு முறையாவது நாலு பேர் நடுவில் என் பெயர் நல்ல காரணத்துக்காக விளங்க வேண்டாமா? ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் முடிவெடுத்தேன்.

“வசந்தா, நாளையில இருந்து வேலைநிறுத்தம்.”

தோசையைத் திருப்பியபடியே கேட்டாள். “யாருங்க?”

“நான்தான்.”

“நீங்க எப்பங்க வேலைக்குப் போனீங்க?”

“மேசை தூக்கறனே, அது வேலை இல்லியா?”

“அட, ஆமாங்க. மறந்தே போச்சு. கோரிக்கை என்னங்க?”

“பேனர்ல என் பேரு வரோணும். சண்முகவேல் மொபைல்ஸ். போட்டோவோட.”

“துண்டு போட்ட போட்டோவா, போடாததுங்களா?”

“செவப்புத் துண்டு போட்டது.”

“சரிங்க. வெச்சுக்கலாம்.”

நான் திகைத்துவிட்டேன். உண்ணாவிரதம் வரை திட்டம் வைத்திருந்தேன். அதற்காகவே ஐந்து தோசை முன்கூட்டிச் சாப்பிட்டிருந்தேன். இவ்வளவு சீக்கிரம் வென்ற போராட்டத்தை நான் பார்த்ததில்லை. சந்தேகப்பட்டிருக்க வேண்டும். வெற்றி கண்ணை மறைத்தது.

ஆனாலும் முறை என்று ஒன்று இருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டு மறுநாள் மறுக்கிற முதலாளிகளை நான் நிறையப் பார்த்தவன். அதனால் பட்டறைகளில் ஒரு வழக்கம் கொண்டுவந்தேன். ஒப்பந்தம் ஆனால், விட்டுக்கொடுத்தவர் எழுந்து நின்று, சாட்சிகளுக்கு முன்னால், தன் பெயர் வரை உரக்கப் படிக்க வேண்டும். காகிதம் தொலையும். காதில் விழுந்தது தொலையாது.

ஒப்பந்தத்தை எழுதி, சாட்சிக்குப் பக்கத்து வீட்டு அங்காளம்மாளைக் கூப்பிட்டேன். அவரும் அதே மைதானத்தில் நைட்டி விற்கிறவர். வசந்தாமணி கரண்டியோடு எழுந்து நின்று படித்தாள். பெயர் வரை படித்தாள். படித்துவிட்டு ஒரு சந்தேகம் கேட்டாள்.

“ஏனுங்க, பேரு உங்களுதுன்னா கடையும் உங்களுதுதானுங்களே?”

“பின்னே? அதுல என்ன சந்தேகம்?”

“அங்காளக்கா, கேட்டுக்கிட்டீங்களா?”

“நல்லாக் கேட்டுக்கிட்டேன் கண்ணு” என்றார் அங்காளம்மாள்.

ஞாயிற்றுக்கிழமை புதுப் பேனர் பறந்தது. கோயில் மலையைவிட ஒரு விரற்கடை உயரமாகத் தெரிந்தது எனக்கு. சிவப்புத் துண்டோடு நான் கையை உயர்த்தியிருந்தேன். கீழே ‘அனைத்து மாடல்களும் கிடைக்கும்’.

ரிக் வண்டிக்காரர் ஒருவர் வந்தார். “ஓனர் யாருங்க?”

“அதா, மேல கையைத் தூக்கிட்டு இருக்கறாருங்களே, அவருதான்” என்றாள் வசந்தாமணி.

எனக்கு ஒரு நாற்காலி வந்தது. நானே கொண்டுவந்தேன். உட்கார்ந்தேன். உட்கார்ந்தால் வாய் சும்மா இருக்கிறதா?

“ஏம்புள்ள, அண்ணனுக்குச் சத்தம் வெச்சுக் காட்டு.”

“காட்டறனுங்க.”

“அந்தப் பொண்ணு கேமரா கேக்குது பாரு.”

“பாக்கறனுங்க.”

“டீ அப்பறம் குடிச்சுக்கலாம், கூட்டம் நிக்குதில்ல?”

சொன்ன பிறகுதான் அந்த வாக்கியம் எனக்குப் பழக்கமானதாகப் பட்டது. எங்கள் பட்டறை முதலாளி தினமும் சொல்வான். இதே சொற்கள். நாற்காலியும் ஏறக்குறைய இதே நாற்காலி.

வசந்தாமணி டீ டம்ளரை மேசையில் வைத்தாள். போன்கள் இருந்த கண்ணாடிப் பெட்டியை மூடினாள். மேசைக்கு முன்னால் தரையில் துண்டு விரித்துச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

“என்ன புள்ள ஆச்சு? மயக்கமா?”

“வேலைநிறுத்தமுங்க.”

“எங்க?”

“இங்கதானுங்க. நீங்க முதலாளி. நான் தொழிலாளி. டீ குடிக்க உடமாட்டீங்கறீங்க.”

அங்காளம்மாள் நைட்டிகளை அப்படியே விட்டுவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். ஊறுகாய் விற்கிற பெண், வளையல் விற்கிற பெண் என்று ஒருவர் பின் ஒருவராக வந்து உட்கார்ந்தார்கள். அங்காளம்மாள் தொண்டையைச் செருமினார்.

“உழைப்பவர் நாங்கள்! உட்கார்ந்தவன் யார்?”

“உட்கார்ந்தவன் யார்? உட்கார்ந்தவன் யார்?”

அந்த முழக்கத்தை எழுதியது நான். எதுகைக்காக ஒரு வாரம் தூங்காதவன் நான். நாற்காலியில் இருந்து எழுந்துவிட்டேன். கல்லூரிப் பிள்ளைகள் என்னைப் படம் பிடித்தார்கள். பிடித்த போன் எங்கள் கடையில் வாங்கியது.

பக்கத்தில் போன் கவர் விற்கும் தனசேகரிடம் போனேன். “தம்பி, ஒரு மணி நேரம் கடையைப் பாத்துக்க.”

“அண்ணா, என்னையக் கருங்காலி ஆகச் சொல்றீங்களா?” என்றான். “வேலைநிறுத்தத்தை உடைக்கறவன் மனுசனே இல்லைன்னு போன மாசம்தானே நோட்டீஸ் குடுத்தீங்க? ஊட்டுல ஒட்டி வெச்சிருக்கறனுங்க.”

அப்போது மலைப் பக்கம் கறுத்தது. காற்று மண்வாசனையோடு வந்தது. தார்ப்பாயை எடுத்து ஒரு முனையைக் கம்பத்தில் கட்டினேன். மறுமுனையைப் பிடிக்க ஆள் வேண்டும். தொழிலாளி கை எடுத்தால் முதலாளிக்கு நிழல்கூட இல்லை. இதையும் நான்தான் எழுதியிருக்கிறேன்.

“வசந்தா, மழை வருது. போன் நனைஞ்சுரும்.”

“முதலாளி போனுதானுங்க.”

“சரி, கோரிக்கையைச் சொல்லு.”

“ஒண்ணே ஒண்ணுதானுங்க. கூரை இல்லாத எடத்துல வேலை வாங்கறது கொடுமைன்னு உங்க நோட்டீஸ்லயே இருக்குது. எங்களுக்குக் கூரையோட வேலையெடம் வேணும். முன்னறை.”

கூட்டம் என் முகத்தைப் பார்த்தது. நான் எழுதிய வரி. என் வரியை நானே எதிர்ப்பதா? வளையல் கடைப் பெண் ஒரு காகிதத்தில் எழுதத் தொடங்கினாள்: ‘முன்னறையைத் தர முதலாளி சம்மதிக்கிறார்.’

எனக்குப் பொறுக்கவில்லை. தளர்வாக எழுதப்பட்ட ஒப்பந்தத்தைக் கண்டால் எனக்கு ரத்தம் கொதிக்கும்.

“என்னம்மா எழுதற? ‘சம்மதிக்கிறார்’னு போட்டா வருசக்கணக்குல சம்மதிச்சுட்டே இருப்பாங்க. ‘வரும் திங்கட்கிழமைக்குள் காலி செய்து, சாவியை ஒப்படைக்கிறார்’னு போடு.”

“சாவியுங்களா?” என்றாள் அவள்.

“சாவி இல்லாம அறை எதுக்கு? அப்பறம், ‘எக்காரணம் கொண்டும் திரும்பப் பெறார்’னு ஒரு வரி. அது இல்லீன்னா முதலாளி ஏமாத்திருவான்.”

“நெம்ப நல்லாச் சொன்னீங்க” என்றாள் வசந்தாமணி, மனதார.

அந்தப் பாராட்டுக்குப் பிறகுதான் முதலாளி யார் என்று நினைவு வந்தது. ஆனால் மை காய்ந்துவிட்டது. முதல் துளி என் நெற்றியில் விழுந்தது.

“கொடியெல்லாம்?” என்று கேட்டேன். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

“ஒரு அலமாரி சங்கத்துக்குன்னு எழுதிக்க கண்ணு” என்று வசந்தாமணியே வளையல் கடைப் பெண்ணிடம் சொன்னாள். பிறகு என்னைப் பார்த்தாள். “ஒரு நாக்காலியும். ஆளுங்க வந்து நாயம் கேட்டா நீங்க உக்காந்து எழுதிக் குடுங்க. போன் வாங்க வர்றவங்க உங்களையும் பாத்துட்டுப் போவாங்க. அந்த ரூமுக்கு ஆளு வந்து எத்தனை வருசமாச்சுங்க?”

தெருவைப் பார்த்த அறையில், கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில், மனு எழுத வரிசையில் நிற்கிற ஜனங்களை ஒரு கணம் நினைத்துப் பார்த்தேன். மோசமாக இல்லை.

கையெழுத்துப் போட்டேன். தார்ப்பாயின் மறுமுனையை நோக்கி நடந்தேன். வசந்தாமணி எழவில்லை.

“இன்னும் என்ன புள்ள?”

“படிக்கலீங்களே. விட்டுக் குடுத்தவங்க எந்திரிச்சு நின்னு, சாட்சிக்கு முன்னால, பேரு வரைக்கும் படிக்கோணும். உங்க வழக்கந்தானுங்க.”

ரிக் வண்டிக்காரர் தொப்பியைக் கழற்றினார். கல்லூரிப் பிள்ளைகள் போனை உயர்த்தினார்கள். நாலு பேர் நடுவில் என் பெயர் படிக்கப்பட வேண்டும் என்று ஆயுளெல்லாம் காத்திருந்தேன். இங்கே நாற்பது பேருக்குக் குறையாது.

படித்தேன். அறையைப் படித்தேன். சாவியைப் படித்தேன். எக்காரணம் கொண்டும் என்பதைக் கொஞ்சம் பெருமையோடேயே படித்தேன். கடைசி வரியில் குரல் தேய்ந்தது.

“சத்தமாப் படிங்க சாமி” என்றார் அங்காளம்மாள். “கடைசியில நிக்கறவங்களுக்குக் கேக்கலையாமா.”

என் தலைக்கு மேல் பேனர் காற்றில் படபடத்தது. மூச்சை இழுத்துக்கொண்டு, மலை வரை கேட்கும்படி படித்தேன்:

“இப்படிக்கு, முதலாளி சண்முகவேல்!”